முதலில் ஒத்துக்கொண்டவன்

ஸ்டீவன்தான் முதலில் ரேட்டை உடைத்தான் என்று ஸ்டாண்டில் சொன்னவன் நான். சொன்ன நாளிலேயே எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. ஐந்து வருடம் அதை யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தேன்.

2004-ஆம் வருடம். டீசல் விலை மறுபடி ஏறியிருந்தது. கும்மிடிப்பூண்டி லாரி ஸ்டாண்டில் சொந்த வண்டி ஓட்டுகிற நாற்பது பேர் கூடிப் பேசினோம். பெங்களூருக்குக் கம்பி லோடு என்றால் டன்னுக்கு ஐந்நூறு ரூபாய். அதற்குக் கீழே யாரும் ஏற்றக் கூடாது.

சங்கத் தலைவர் கிஃபாயத்துல்லா பாய் ஒரு கட்டுப்பாடும் வைத்தார். முதலில் ரேட்டை உடைக்கிறவனுக்கு ஆறு மாதம் வரிசையில் லோடு கிடையாது. அவனைப் பார்த்துப் பின்னால் போகிறவனுக்கு வெறும் ஐந்நூறு ரூபாய் அபராதம்.

"மொத ஆளு போனாதான ரெண்டாவது ஆளு போவான்," என்றார் பாய். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

எட்டு நாள் வண்டிகள் அசையவில்லை. இரும்புக் கம்பி மில்களுக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் வரதனும் நானூற்று இருபதைத் தாண்டவில்லை.

ஒன்பதாம் நாள் காலை வரதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்கு மூன்று தவணை பாக்கி. திங்கட்கிழமை ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

நான் ஐந்நூறு என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார்.

"ஸ்டீவன் நானூத்தி இருவதுக்கு ஒத்துக்கினு பூட்டான் நைனா. நீ இன்னும் ஐநூறு பேசிக்கினு கீற."

ஸ்டீவனும் நானும் ஒரே மாதத்தில் வண்டி வாங்கியவர்கள். ஒருவன் வண்டி வழியில் படுத்துவிட்டால் மற்றவன் கூடவே நிற்பான். அவனா இப்படி என்று கோபம் வந்தது. அடுத்த நிமிடமே நிம்மதியும் வந்தது. உடைத்தவன் அவன், நான் பின்னால்தானே போகிறேன்.

முன்பணத்தை வாங்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன்.

கம்பி ஏற்றி முடித்து எடை மேடையில் நிற்கும்போது, பக்கக் கண்ணாடியில் ஸ்டீவனின் வண்டி தெரிந்தது. காலி வண்டி. அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

எனக்கு முன்பே ஒத்துக்கொண்டவன் எப்படிப் பின்னால் வருகிறான் என்று தோன்றியது. வழியில் பஞ்சராகியிருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

இறங்கி வந்தான். என் லோடைப் பார்த்தான். தலை குனிவான் என்று எதிர்பார்த்தேன்.

"தார்ப்பாய இறுக்கிக் கட்டிக்கோ மாணிக்கம். ஆம்பூர் தாண்டி மழையாம்," என்றான்.

திரும்பி வந்ததும் ஸ்டாண்டில் இரண்டு பேரையும் நிற்க வைத்தார்கள். யார் முதலில் என்று பாய் கேட்டார். நான் ஸ்டீவனைக் காட்டினேன். வரதன் சொன்னதை அப்படியே சொன்னேன். எடை மேடையில் பார்த்ததைச் சொல்லவில்லை.

"இன்னா ஸ்டீவன், ஒண்ணும் சொல்லமாட்டியா?" என்றார் பாய்.

கூட்டத்தில் யாரோ, வாய்க்குள்ள இன்னா போண்டாவா என்றார்கள். சிலர் சிரித்தார்கள்.

ஸ்டீவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் தவணையைப் பற்றியோ என் தவணையைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை.

"நானும் ஏத்தினேன் பாய். இன்னா பண்ணணுமோ பண்ணிக்கோங்க."

ஆறு மாதம் அவனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூன்றாம் மாதம் வண்டியை வந்த விலைக்கு விற்றான். பொதட்டூர்பேட்டையில் யாரிடமோ டிராக்டர் ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். போனதில்லை.

நான் ஐந்நூறு அபராதம் கட்டினேன். அடுத்த வருடம் கடன் முடிந்தது. இப்போது இரண்டு வண்டி.

போன வாரம் திருவள்ளூர் ஸ்டேஷனில் வரதனைப் பார்த்தேன். புரோக்கர் தொழிலை விட்டுவிட்டார். பார்வை கொஞ்சம் மங்கல். எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு அரை மணி நேரம் இருந்தது. பழைய கதையெல்லாம் பேசினோம். அந்த ஒன்பது நாள் பேச்சு வந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"உங்கள மடக்குறதுக்குள்ள இன்னா பேஜாரு. நாப்பது பேரும் ஒத்த வாயா ஐநூறுன்னு நிக்கிறீங்க. தனித்தனியாக் கூப்ட்டு, இன்னொருத்தன் ஒத்துக்கினான்னு சொன்னாதான் வேலைக்காவும். உனக்கு ஸ்டீவன் பேரச் சொன்னேன்."

"அப்போ அவன் ஒத்துக்கலையா?"

"அவன்கிட்ட நான் அதுவரைக்கும் பேசவே இல்ல நைனா. நீ பணத்த வாங்கிக்கினு போனப்புறம்தான் கூப்ட்டேன். மொதல்ல நம்பவே இல்ல. அவன் அப்டி செய்ய மாட்டான்னு ரொம்ப நேரம் சாதிச்சான். உன் கண்ணால போய்ப் பாத்துக்கோன்னு மில்லுக்கு அனுப்பினேன்."

ட்ரெயின் வருவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அவன்கிட்ட யார் பேரச் சொன்னீங்க வரதண்ணா?"