கண்ணாடிப் பெட்டிக்குள் குளவிகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் மத்தியான வெயில் கண்ணாடிப் பெட்டிமேல் விழுகிறது. உள்ளே, இலைப்புழுக்களின் உடம்பில் முட்டையிட்டு அவற்றை ஒழிக்க வெளிநாட்டிலிருந்து வந்த குளவிகள், எள்ளளவு உடம்போடு ஓசையில்லாமல் ஊர்கின்றன. எதிரே பூச்சியியல் ஆய்வாளர் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். போனில் அவளுடைய அண்ணன். "தோட்டத்துல பாதி மொட்டையாயிருச்சும்மா. எப்பதான் அதுங்கள வெளிய விடுவே?" "சோதிச்சப்ப அதுங்க நம்ம ஊரு வண்ணத்துப்பூச்சியோட புழுவிலயும் முட்டை வெச்சிருக்குண்ணே. வெளிய விட்டா திரும்பப் பிடிக்க முடியாது." "அப்ப மரங்கள வெட்டிடவா?" அனுமதிப் படிவத்தில் 'விடக்கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். பேனா முனை தாளில் உரசும் சத்தம் மட்டும் அறையில் இருக்கிறது. "வெட்டிடுண்ணே" என்கிறாள். அண்ணன் இணைப்பைத் துண்டித்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருக்கிறாள்.