பன்னிருவரில் ஒருவர்

கீழ்த்தளத்து நீலாவதி மாஷிமா படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் ஜெய்ராமுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்த வாரத்தில் இது நாலாவது தடவை.

"கதவைத் திறக்காதே ப்ரியா. சத்தம் ஜாஸ்தின்னு சண்டை போடத்தான் வரா."

"எங்கே சத்தம்? உன் பெட்டிதான் ஒரு மணி நேரமா சமத்தா இருக்கே," என்றாள் மனைவி பிரியம்வதா.

அதுதான் இப்போது பிரச்சினையே. ஜெய்ராம் பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸர், சாயங்காலங்களில் இரைச்சல் இசைக் கலைஞன். ராகத்தையும் தாளத்தையும் வாசலோடு துரத்திவிட்டு மின்சாரத்தைக் கதறக் கதற அடிப்பதுதான் அந்தக் கலை. கேட்க வருகிறவர்கள் பல்வலிக்காரர்கள் மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டு ரசிப்பார்கள்.

கதறலுக்கெல்லாம் மூலம், காலால் மிதிக்கும் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. காட்டுக்குள் தனியாக வாழும் ஒரு மேதை வருடத்துக்குப் பன்னிரண்டே பன்னிரண்டு செய்கிறார், முகத்தைக்கூடக் காட்டமாட்டார் என்றெல்லாம் பெர்லின் கம்பெனிக்காரன் எழுதியிருந்தான். எட்டு மாதம் தவம் கிடந்து வாங்கியிருந்தான் ஜெய்ராம்.

இன்று ஆறு மணிக்கு டாலிகஞ்சில் கச்சேரி. 'இந்த ஆண்டின் பன்னிருவரில் ஒருவர்' என்று வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் போஸ்டர் அடித்தாகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு இசைவிழாக்காரர் ஒருவர் வருகிறார். அவர் தலையசைத்தால் ஜெய்ராமுக்கு ஐரோப்பா, இல்லாவிட்டால் குடியிருக்கும் டாக்குரியாவே கதி.

பெட்டியோ மத்தியானம் திடீரென்று கெட்டுப்போய் இனிமையாக ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. எத்தனை மிதித்தாலும் சுருதிப்பெட்டி போல 'ம்ம்ம்' என்று ஒரே நாதம். கம்பெனிக்கு எழுதினால், 'மேதை மௌனத்தில் இருக்கிறார், ஆறு மாதம் பொறுக்கவும்' என்று பதில் வந்தது.

"இப்பதான் கேக்க நன்னா இருக்கு," என்றாள் பிரியம்வதா. அவன் அழாத குறை.

செருப்புச் சத்தம் இரண்டாவது மாடியில் நின்றது. முட்டிவலிக்காரர், ஒவ்வொரு மாடியிலும் இளைப்பாறித்தான் வருவார். ஜெய்ராம் ஸ்பீக்கர் வயரைக்கூடப் பிடுங்காமல் பெட்டியை மேஜைமேல் வைத்து மூடியைக் கழற்றினான். உள்ளே வயர்களை ஒன்று சேர்த்து வெள்ளை நூலால் நெருக்க நெருக்கமாக முடிச்சுப் போட்டிருந்தது.

"பாரு, ஒவ்வொரு முடிச்சும் அச்சுல வார்த்த மாதிரி. ஜெர்மன் கைன்னா ஜெர்மன் கைதான்!"

"பூத் தொடுத்த மாதிரின்னா இருக்கு," என்று அவள் தன் பின்னலில் இருந்த சரத்தைத் தடவிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை தோறும் மாஷிமா தொடுத்துக் கொடுக்கும் சரம் அது.

"பெர்லின் காட்டுல மல்லிகைப்பூ ஏதுடி?"

மணி அடித்தது. பிரியம்வதா திறந்தாள். மூச்சு வாங்க நின்றார் நீலாவதி. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வங்காளி, தமிழர் என்ற பேதமில்லாமல் அந்தக் கட்டடத்துக்கே அவர் மாஷிமா, அதாவது பெரியம்மா.

"என்னப்பா, இன்னிக்கு உன் மிஷின் கத்தவே காணோம்?"

குத்தல் பேச்சு என்றுதான் ஜெய்ராம் நினைத்தான். அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"உங்களுக்கு சந்தோஷம்தானே? எத்தனை மணிக்குப் போடுவே, எவ்வளவு நேரம் போடுவேன்னு வந்து வந்து கேட்டீங்களே, இனிமே நிம்மதியாத் தூங்குங்க!"

"யாருப்பா தூங்கப் போனா? நேத்தே அந்த மூணாவது கத்தல் கொஞ்சம் கம்மியாத்தான் கேட்டுது," என்றவர், அவனைத் தாண்டி நேரே மேஜைக்குப் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்தார்.

"ஐயோ, தொடாதீங்க மாஷிமா! அது பெர்லின் சாமான்!"

அதற்குள் மாஷிமா கொண்டை ஊசியை உருவி, இடது மூலையில் ஓரிடத்தில் வைத்து அழுத்தினார்.

வீடே அதிர்ந்தது. அடுப்படியில் குக்கர் மூடி கிடுகிடுத்தது, எதிர் வீட்டு நாய் ஊளையிட்டது. பிரியம்வதா காதைப் பொத்திக்கொண்டாள். ஜெய்ராமின் கண்ணில் பொலபொலவென்று ஆனந்தக் கண்ணீர்.

"மழைக்கால ஈரத்துல அந்த மூலையில சால்டரிங் விட்டுக்கும்," என்றார் மாஷிமா. "கீழ எடுத்துட்டு வா, சூடு வச்சுத் தர்றேன். பத்து நிமிஷ வேலை."

சிக்னல் பார்த்த கை அல்லவா என்று ஜெய்ராம் உருகிப் போனான். இந்த வாரமெல்லாம் இவரை மனசுக்குள் திட்டியதை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது. கச்சேரி பிழைத்த சந்தோஷத்தில் போஸ்டரை எடுத்து விரித்துக் காட்டினான்.

"நீங்க எப்பேர்ப்பட்ட பொருளுக்கு உயிர் கொடுத்திருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது மாஷிமா. இதைப் பண்றவர் பெரிய மேதை. வருஷத்துக்குப் பன்னிரண்டுதான் பண்ணுவார். அந்தப் பன்னிரண்டு பேர்ல நான் ஒருத்தன்!"

மாஷிமா போஸ்டரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ஊசியைத் திரும்பக் கொண்டையில் செருகிக்கொண்டார்.

"வருஷத்துக்குப் பன்னிரண்டா? நான் வாரத்துக்கே பன்னிரண்டு பண்ணி பெர்லினுக்கு அனுப்பறேனேப்பா!"