கொதிக்கிற கெட்டில்

“இதுக்குப் பேரு ஓவிய வகுப்பா? சுத்தக் கோமாளித்தனம்!”

பென்சிலை மேஜைமேல் எறிந்தாள் அந்த அம்மாள். வகுப்பே நிமிர்ந்து பார்த்தது.

விஷயம் இவ்வளவுதான். நடுவில் ஒரு பழைய கெட்டிலை வைத்து, “இன்னிக்கு எல்லாரும் இடது கையால வரைங்க. யோசிக்காதீங்க, கை போற போக்குல விடுங்க” என்று சொல்லிவிட்டாள் டீச்சர்.

“வலது கையாலேயே எனக்கு இன்னும் உருப்படியா வரலை டீச்சர்!”

“வலது கைக்குப் பழக்க தோஷம்மா. கண்ணு பாக்குறதுக்கு முன்னாடியே, கெட்டில்னா இப்படித்தான்னு முடிவு பண்ணிடும். இடது கைக்கு அந்தத் திமிர் கிடையாது.”

“என் இடது கைக்கு எதுவுமே கிடையாது. பாருங்க, கெட்டில் வரைஞ்சா வாத்து வந்து நிக்குது!”

கூடப் படிக்கும் பல் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய கெட்டிலும் ஒன்றும் யோக்கியமாக இல்லை.

அந்த அம்மாளின் பக்கத்தில் அவள் கணவர் சும்மா உட்கார்ந்திருந்தார். புத்தக அட்டைகளுக்குப் படம் வரைந்து பேர் வாங்கியவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு பென்சிலைத் தொடவே இல்லை. ‘இனிமே அந்தப் பேச்சே எடுக்காதே’ என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். துணைக்கு வந்து வேடிக்கையாவது பாருங்கள் என்று மனைவிதான் இழுத்து வந்திருந்தாள்.

அவர் மெல்ல வாத்தை எட்டிப் பார்த்தார்.

“மூக்கு இன்னும் கொஞ்சம் கீழேருந்து கிளம்பணும்.”

“பேசாம இருங்க! வாயால வரையறது சுலபம். இப்போ உங்களால ஒரு கோடு போட முடியுமா?”

எல்லாருக்கும் சுருக்கென்றது.

“பாவம், மனுஷன் ஏற்கெனவே நொந்துபோயிருக்கார். நாலு பேர் முன்னாடி இப்படியா குத்திக் காட்டுறது?” என்று தையல்கார அம்மாள் பல் டாக்டரின் காதைக் கடித்தாள்.

கணவர் முகம் சிவந்துவிட்டது.

“கொடு இங்கே!”

இடது கையால் பென்சிலைப் பிடுங்கினார்.

கை நடுங்கியது. கோடும் கூடவே நடுங்கியது. பாதியில் விட்டுவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் விடவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, மூக்கு, கைப்பிடி என்று சுற்றி, ஒருவழியாக மூடிக்கு வந்து சேர்ந்தார்.

டீச்சர் தாளைத் தூக்கிக் காட்டினாள். நடுங்கின கோட்டில், கெட்டிலின் மூடி தடதடவென்று ஆடுகிற மாதிரியே இருந்தது.

“அட, நிஜமாவே கொதிக்குதே!” என்றார் பல் டாக்டர்.

கணவர் தாளை வாங்கித் தானே பார்த்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் சிரித்தார்.

“அடுத்த வாரம் எனக்குத் தனியா ஒரு பென்சில் வேணும் டீச்சர். இவளோடது மொக்கை.”

வகுப்பு முடிந்ததும் படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் முதல் ஆளாக மாடிப்படி இறங்கினார். மனைவி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றாள். கழுவக் கழுவ அழுகை நிற்கவில்லை.

டீச்சர் துண்டை நீட்டினாள்.

“இடது கையால வரையச் சொல்லுங்கன்னு காலையில போன் பண்ணினதே நீங்கதான். அப்புறம் எதுக்கு என்னை அந்தத் திட்டு திட்டினீங்க?”

அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

“நான் வாயை மூடிக்கிட்டு சொன்ன வேலையைச் செஞ்சா, அவருக்குச் சந்தேகம் வந்துடாதா டீச்சர்?”