எழுபத்திரண்டு

இதயத் துடிப்பைச் சீராக்க, கோளாறான நரம்பைச் சுடும் சிகிச்சைக்கு முன், அரைமயக்கத்தில் கிடந்த பரிதியின் காதில் அவன் போனிலிருந்த குரல்களை டாக்டர் ஒலிக்கவிட்டார். மனைவி தாமரையின் குரலுக்குத் துடிப்பு எழுபத்திரண்டிலேயே நின்றது. பழைய தோழி ரேணுகாவின் குரலுக்கு நூற்றிருபதுக்கு எகிறியது.

பக்கத்தில் நின்ற தாமரை திரையில் அந்த எண்ணையே பார்த்தாள்.

“அந்தக் குரலுக்குத் துள்ளுற நரம்பு இதுதான். ஆபத்தில்லம்மா, விட்டுடலாம்,” என்றார் டாக்டர்.

“வேண்டாம் டாக்டர். அதையும் சேர்த்துச் சுட்டுடுங்க,” என்று கையெழுத்திட்டாள்.

மறுமாதம் ரேணுகா நலம் விசாரிக்க வந்தாள். பரிதியின் கைக்கடிகாரம் எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. தாமரை அவளுக்கு இரண்டாவது காபியும் கொடுத்தாள்.

தை மாதம், நான்கு வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்த மகள் வாசலிலேயே அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக அவன் மனைவியைப் பார்த்தான்.

“பாப்பா வந்திருக்கா, தாமரை. எனக்கு ஏன் நெஞ்சு படபடக்கவே இல்ல?”

தாமரை மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.