லாக்கிக்கு இன்றும் சிக்கு

“போச்சு, லாக்கிக்கு இன்னிக்கும் சிக்கு” என்றான் ஷேன்.

கோதுமை அறுத்த வயலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். முதுகில் மோட்டாரோடு ஓடிய லாக்கி, தலைக்கு மேல் எழும்பிய துணிச் சிறகை அண்ணாந்து பார்த்தான். உடனே மோட்டாரை அணைத்துவிட்டான். சிறகு தொய்ந்து தரையில் விழுந்தது.

“கயிறு சிக்கிடுச்சு மச்சான்.”

“இத்தனை வருஷமா பறக்கறே. கயித்த ஒழுங்கா விரிச்சு வைக்கத் தெரியல?”

எங்கள் பாராமோட்டார் கிளப்பில் ஒரு வழக்கம். ஓடிவிட்டு, கிளம்பாமல் நின்றவர் ரோஸ் நிற ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அன்று எல்லாருக்கும் சாசேஜ் சுட வேண்டும். இந்த வருஷம் அதை லாக்கியே குத்தகைக்கு எடுத்துக்கொண்டான்.

நோலீனுக்கு அவனைப் பார்த்தாலே எரிச்சல். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், ஐம்பத்தெட்டு வயது. பயிற்சியெல்லாம் முடித்து இன்றுதான் முதல்முறையாகத் தனியே பறக்கப்போகிறாள். ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா’ என்று ஊரே கேட்டாயிற்று. வேடிக்கை பார்க்க அவளுடைய பஸ் பிள்ளைகள் வேறு வேலியோரம் வரிசை கட்டி நின்றார்கள். இன்று பறக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

“என்னைப் பார்த்துக் கத்துக்காதீங்க நோலீன்” என்றான் லாக்கி, ஏப்ரனைக் கட்டியபடி.

“கவலைப்படாதே. அந்த ஏப்ரன் எனக்குப் பத்தாது.”

சிறகை விரித்தாள். கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிர்காற்று சீராக இருந்தது. மோட்டாரை முடுக்கி ஓடினாள்.

சிறகு மேலே வந்தது. ஆனால் வலப்பக்கம் இழுத்தது. அண்ணாந்து பார்த்தாள். வலது ஓரம் மடங்கியிருந்தது.

இன்னும் கொஞ்சம் விசையை அழுத்தினால் கால் தரையை விட்டுவிடும். மேலே போய் உதறிக்கொள்ளலாமே? பிள்ளைகள் அவள் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். இப்போது நின்றால் மானம் போகும்.

போகட்டுமே, வாராவாரம் ஒருத்தன் நிற்கவில்லையா? அவனுக்கு என்ன குறைந்துபோயிற்று? சாசேஜ் சுட்டான், சிரித்தான், சாப்பிட்டான்.

நோலீன் மோட்டாரை அணைத்தாள்.

“இன்னிக்கு சமையலுக்கு ரெண்டு பேர்” என்று சிரித்துக்கொண்டே ஓடி வந்தான் ஷேன். சிறகைத் தூக்கிப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. வலப்பக்கக் கயிறுகளில் கோதுமைத் தாள் சிக்கி, நாலைந்தைச் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது.

“இதோட மேலே போயிருந்தா, நேரா வலப்பக்கம் நிக்கற அந்த மரத்துலதான்” என்றான் மெதுவாக.

நோலீன் முட்டி போட்டு உட்கார்ந்து முடிச்சைப் பிரித்தாள். தாளில்லாத இடமாகப் பார்த்துச் சிறகை மறுபடி விரித்தாள். மறுபடி ஓடினாள். இந்த முறை சிறகு நேராக எழுந்தது, அவளும் எழுந்தாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் வயலில் இருந்த கிளிகளெல்லாம் பறந்துவிட்டன.

இறங்கி வந்தவளுக்கு மனசு நிறைந்திருந்தது. லாக்கியின் சிறகு போட்டது போட்டபடி கிடந்தது. பாவம், அடுப்படியில் நிற்கிறான், சிக்கையாவது எடுத்துக் கொடுப்போம் என்று உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு கயிறாக விரலால் நீவிப் பார்த்தாள். மறுபக்கமும் பார்த்தாள்.

எழுந்து நேரே அடுப்புக்குப் போனாள்.

“லாக்கி, உன் கயித்துல சிக்கே இல்லையே.”

அவன் சாசேஜைப் புரட்டினான். “மெதுவாப் பேசுங்க.”

“எதுக்குடா இந்த நாடகம்?”

“போன வருஷம் இங்க புதுசா வந்த டேமோவுக்கும் உங்கள மாதிரிதான், ஓடும்போது சிறகு மடங்கிச்சு. நின்னா நாங்க சிரிப்போம்னு நிக்காம ஓடினான். இன்னும் கோல் ஊனித்தான் நடக்கறான்.” ஏப்ரன் நுனியில் கையைத் துடைத்தான். “இந்த ஏப்ரனை வாங்கிட்டு வந்ததே நான்தான் நோலீன். அதான், புதுசா யார் வந்தாலும் முதல்ல நான் நின்னுடறேன். அப்புறம் நிக்கறவங்களுக்கு வெக்கமா இருக்காது.”

நோலீன் அவன் இடுப்பில் இருந்த ஏப்ரனைப் பார்த்தாள்.

“அடுத்த வாரம் புதுசா யாராவது வர்றாங்களா?”

“ரெண்டு பேர்.”

அவன் முதுகுப்பக்கம் போய் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். தன் இடுப்பில் சுற்றி, இழுத்துப் பிடித்துக் கட்டிக்கொண்டாள்.

“கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு, பரவால்ல” என்றாள். “அடுத்த வாரம் சிக்கு எனக்கு.”