ஓசியில் தங்குவோர் கவனத்துக்கு

"தாய்லாந்துக்குச் சம்சாரத்தையும் கூட்டிக்கினு போற மொத ஆளு நீதாம்பா," என்றார் காபி குடிக்க வந்த பக்கத்து வீட்டுக் கோதண்டம்.

துளசிங்கம் சிரிக்கவில்லை. ஒரு மாதமாகத் திருத்தணியில் இந்தக் கிண்டலைச் சொல்லாத ஆள் இல்லை. சொல்ல வைத்ததும் அவர்தான். பால் வாங்கப் போன இடத்தில், சலூனில், மலைக்கோயில் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில்கூட அதே பேச்சு. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் சுதாகர், லீவுக்கு வந்து தங்குவதற்கென்றே தாய்லாந்துக் கடலோரம் ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டிருக்கிறான். அதில் அவரும் மனைவி பிரபாவதியும் பத்து நாள் ஓசியில் தங்கப்போகிறார்கள்.

"நான் வளத்த பையன்பா. பிளஸ் டூ படிக்கறப்ப ரெண்டு வருசம் இதே வீட்டுலதான் இருந்தான். ஒரு பைசா வாங்கியிருப்பேனா?"

பக்கத்தில் உட்கார்ந்து பிரபாவதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சென்னை, இந்தப் பக்கம் திருப்பதி. அவள் பார்த்த உலகம் அவ்வளவுதான். பாஸ்போர்ட் வந்த அன்று அதை முருகன் படத்துக்குக் கீழே வைத்தவள் இன்னும் எடுக்கவில்லை.

சுதாகரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. கோதண்டமும் கேட்கட்டும் என்று துளசிங்கம் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, அந்த ஃபிளாட்டு உங்க வீடு மாதிரிதான். வாடகை கீடகை ஒண்ணும் வேணாம். ஓசியில தங்கற சொந்தக்காரங்களுக்குன்னு கொஞ்சம் ரூல்ஸ் இருக்குது. அத மட்டும் கேட்டுக்கோங்க."

கட்டில் வீட்டுக்காரர்களுக்கு. வந்தவர்கள் பாயில் படுக்க வேண்டும். போர்வையைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

துளசிங்கம் அங்கேயே நிறுத்தினார். "ஃபிளைட்டுல போர்வைய தூக்கிக்கினு போவணுமாம். அது ஃபிளாட்டா, சத்திரமா?"

"மேல போடுப்பா," என்றார் கோதண்டம். அவருக்குக் காபி ஆறுவதே தெரியவில்லை.

குளிக்க ஒரு பக்கெட் தண்ணீர்தான். விடியற்காலை நாலு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட வேண்டும். டிவி ரிமோட்டைத் தொடக் கூடாது. வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் யாராவது வந்தால் பின்பக்கம் போய்விட வேண்டும். எதிரில் மாட்டிக்கொண்டால், சொந்தம் என்று சொல்லாமல் தெரிந்தவர்கள் என்று சொல்ல வேண்டும்.

"பாத்து இருப்பா. வேலைக்கு வந்த ஆளுன்னு நெனச்சி வெளக்குமாத்தைக் கையில குடுத்துடப் போறாங்க."

"எல்லாம் திமிரு," என்றார் துளசிங்கம். "பள்ளிப்பட்டுல தறிச் சத்தத்துல பொறந்தவன். நாலு காசு பாத்ததும் மாமனுக்கே சட்டம் போடறான்."

மெசேஜ் தொடர்ந்தது. "அப்புறம் மாமா, மொட்டை போட்டுக்கினு வர்றவங்க சந்தனத்தோட தலகாணியில சாயக் கூடாது. உறையில கறை புடிச்சா போவாது."

கோதண்டம் நெற்றியைச் சுருக்கினார். "தாய்லாந்துல எவன்யா மொட்டை போட்டு சந்தனம் பூசறான்?"

பிரபாவதியின் கத்தி நின்றது. முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை.

"இன்னாடி சிரிப்பு? நாம போறதில்ல. டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்றேன். மனுசன் போடற ரூலா இது? இப்படி ரூல் போட்டவன் வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. பிரபாவதி முருகன் படத்தை ஒரு தடவை பார்த்தாள். காய்த் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"அப்ப இந்த வீட்டு வாசப்படிய எப்படிங்க மிதிப்பீங்க?"

"இன்னா சொல்ற?"

"அத்தினியும் நீங்க அந்தப் புள்ளைக்குப் போட்ட ரூலுதாங்க. அவன் சொந்தமா ஒண்ணுகூட சேக்கல. பாயி, பக்கெட்டு, ஃபேனு எல்லாம் அப்படியே இருக்குது. பேங்க் மேனேஜர் வந்து யாரு இந்தப் பையன்னு கேட்டாரு, தெரிஞ்சவங்க வீட்டுப் பையன்னு சொன்னீங்க. உங்க அக்கா ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட்டுக்கினு வந்தாங்க. தலகாணிய உருவிக்கினு போயிட்டீங்க. கைய மடிச்சி வெச்சி அதும்மேல தல வெச்சிப் படுத்தாங்க. பக்கத்துல இவன் முழிச்சிக்கினு இருந்தான்."

கோதண்டம் டம்ளரின் அடியைப் பார்க்க ஆரம்பித்தார்.

துளசிங்கத்துக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. ரூல் போட்டவருக்கு எதற்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கப்போகிறது?

"வீடுன்னா ஒரு ஒழுங்கு வேணாமா?" என்றார்.

"ஆங். அவனும் அதத்தாங்க சொல்றான்."

மெசேஜில் இன்னும் மிச்சமிருந்தது. பிரபாவதி விரலைத் துடைத்துக்கொண்டு அவளே அமுக்கினாள்.

"கடைசியா மாமா, எட்டு மணிக்கு மேல அடுப்படியப் பூட்டி சாவிய எடுத்துக்கற ரூலு. அத மட்டும் நான் வெக்கல. பசியோட படுத்தா தூக்கம் வராது, எனக்குத் தெரியும். அத்தை, நீங்க சோத்த ஒளிச்சி வெச்சி பின்பக்க ஜன்னல் வழியா நீட்ட வேணாம். இங்க எதுக்கும் பூட்டு கெடையாது. கட்டில கடலப் பாத்தாப்பல உங்களுக்குத்தான் போட்டு வெச்சிருக்கேன். மேல சொன்ன ரூலெல்லாம் மாமாவுக்கு மட்டும்."

துளசிங்கம் மனைவியை, யாரோ புதிதாக வீட்டுக்கு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஜன்னல் வழியா நீயா?"

அவள் எழுந்துபோய் முருகன் படத்துக்குக் கீழேயிருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாள்.

"பெட்டியில உங்க போர்வைக்குக் கொஞ்சம் எடம் விட்டு வெக்கறேங்க."