காக்காக் கட்சியின் உட்தேர்தல்

ஓர் ஆலமரத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. குயில்களை எதிர்த்து நிற்கப்போவது யார் என்று காக்காக் கட்சி முதலில் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். "மரத்திலிருக்கிற எல்லாருமே ஓட்டுப் போடட்டுமே" என்றது ஒரு காக்கா.

வேட்பாளராக நின்ற கரிமுத்துக் காக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதிர்வீட்டுக்காரனா மாப்பிள்ளை பார்ப்பான்? காக்காக் கூட்டுல பொரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் ஓட்டு!" என்று கத்தி, அதையே விதியாக்கியும் விட்டது.

ஓட்டுப் போடும் நாளில் குயில்கள் வரிசையாக வந்து நின்றன. குயில்களுக்குத்தான் கூடு கட்டும் வழக்கமே கிடையாதே. அத்தனையும் காக்காக் கூட்டில் பொரிந்தவை. விதிப்படி யாரையும் தடுக்க முடியவில்லை.

கரிமுத்து அமோகமாக ஜெயித்தது. "எதிர்க்கட்சிக்கே என்னைப் பிடிச்சிருக்கு, பார்த்தியா!" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டது. அதோடு விடாமல் ஒரு குயிலிடம் போய், "ஏம்ப்பா, எல்லாரும் எனக்கே போட்டீங்க?" என்று கேட்டது.

"உங்களை ஏமாத்துறது முட்டையிலிருந்தே எங்களுக்குப் பழக்கம், பெரியப்பா. எதிர்ல நீங்க நின்னா எங்களுக்கு வேலை மிச்சம்" என்றது குயில்.

'என்னைப் போய் விவரமான பறவைங்கறாங்களே' என்று கரிமுத்து தனக்குள் சிரித்துக்கொண்டே கூட்டுக்குத் திரும்பியது. பிள்ளை பசியோடு காத்திருந்தது. இட்லித் துண்டை நீட்டப்போன கரிமுத்து சட்டென்று நிறுத்தி, "டேய், நீயாவது காக்காதானே?" என்று கேட்டது.

பிள்ளை வாயை அகலமாகத் திறந்தது.

கரிமுத்து வழக்கம்போல ஊட்டிவிட்டது.